பந்தடித்த டீச்சரம்மா



ஸ்காட்லாந்து என்ற பெயரைச் சொன்னதும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது துரைமார்கள்தாம். அந்தக் காலத்து மலாயாத் தோட்டங்களுக்குத் துரையாக வந்தவர்களில் ஸ்காட்லாந்துக்காரர்கள் நிறையப் பேர். ஜொகூர்த் தோட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குக் கத்ரி கம்பெனியின் பெயர் புதிதல்ல. அதை 1821-ஆம் ஆண்டு சிங்கப்பூரில் தொடங்கிய அலெக்சாண்டர் கத்ரியும் ஸ்காட்லாந்துக்காரரே. நம் பாட்டன் பாட்டிமார் விடியுமுன் பெரட்டில் நின்று பெயர் கொடுத்த காலத்திலிருந்தே அந்த நாட்டின் பெயர் நம் காதில் விழுந்துகொண்டுதான் இருக்கிறது.

இந்த முறை அதே நாட்டிலிருந்து வேறொருவரை உங்களுக்கு அறிமுகம் செய்து வைக்கப் போகிறேன். இவர் துரையும் அல்ல, துரைசாணியும் அல்ல. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி சொல்லிக் கொடுத்த ஒரு டீச்சர். பெயர் ஜூலி ஃபிளீட்டிங். வார நாட்களில் பிள்ளைகளுக்குப் பாடம். வார இறுதியில் காற்பந்துத் திடல். இப்படி இரண்டு மாட்டையும் ஒரே வண்டியில் பூட்டி ஓட்டியவர் அவர்.

"பொம்பளைப் பிள்ளைக்குப் பந்து எதற்கு? படிப்புக் கெட்டுவிடாதா?" என்று கேட்கும் தாய்மார் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் தவறு இல்லை. மகள் கரையேற வேண்டுமே என்ற கவலையில் பிறந்த கேள்வி அது. அதற்கு நான் பதில் சொல்வதைவிட, இந்த டீச்சரம்மாவின் வாழ்க்கையே சொல்லட்டும். பொறுமையாகப் படியுங்கள்.

*சின்ன ஊர்ப் பெண்*

ஸ்காட்லாந்தின் மேற்குப் பக்கத்தில் அயர்ஷயர் என்றொரு வட்டாரம். அங்கே கில்வின்னிங் என்று ஒரு சிறிய ஊர். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கமும் இரும்பாலையும் சோறு போட்ட தொழிலாளர் ஊர். அங்கே 1980-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் பிறந்தவர் ஜூலி.

அவருடைய தந்தை ஜிம் ஃபிளீட்டிங் காற்பந்தாட்டக்காரர். பிறகு கில்மார்னோக் என்ற புகழ்பெற்ற குழுவின் நிர்வாகியாக இருந்தார். அதன் பிறகு ஸ்காட்லாந்துக் காற்பந்துச் சங்கத்திலும் பெரிய பொறுப்பு வகித்தார். அப்பா விளையாட்டுக்காரர் என்றால் பிள்ளை விளையாடுவதில் என்ன அதிசயம் என்று நினைக்கலாம். ஆனால் எத்தனை விளையாட்டுக்கார அப்பாக்கள் மகனைத் திடலுக்கு அழைத்துப் போய்விட்டு, மகளை வாசலோடு நிறுத்தி விடுகிறார்கள்! ஜூலி வளர்ந்த வீட்டில் பந்து ஆண் பிள்ளைக்கு மட்டும் என்று யாரும் ஒதுக்கி வைக்கவில்லை.

1996-ஆம் ஆண்டு, பதின்ம வயதிலேயே அவர் தேசியக் குழுவில் இடம்பிடித்தார். 2015 வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தன் நாட்டுக்காக ஆடினார். ஆடிய அனைத்துலக ஆட்டங்கள் 121. போட்ட கோல்கள் 116.

இந்தக் கணக்கை நமக்குப் பழக்கமான ஒரு கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். "சூப்பர் மோக்" என்று நாமெல்லாம் கொண்டாடிய மொக்தார் டஹாரி, அனைத்துலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் கணக்குப்படி 142 ஆட்டங்களில் 89 கோல் போட்டவர். ஸ்காட்லாந்து ஆண்கள் குழுவில் மிக அதிகமாகக் கோல் போட்டவர்கள் டெனிஸ் லாவும் கென்னி டல்கிளிஷும். ஆளுக்கு 30 கோல். நான் எந்த வீரரையும் குறைத்துச் சொல்லவில்லை. ஆண்கள் ஆட்டம் வேறு, பெண்கள் ஆட்டம் வேறு என்பதும் தெரியும். ஆனாலும் ஏறக்குறைய ஆட்டத்துக்கு ஒரு கோல் என்று இருபது ஆண்டுகள் போட்டவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? டல்கிளிஷைத் தெரிந்த நம் அண்ணன்மார்களைக் கேட்டுப் பாருங்கள். ஜூலியைத் தெரியாது என்பார்கள்.

ஏன் தெரியவில்லை? அதற்கு ஒரு பழைய கதை இருக்கிறது.

*பூட்டிய கதவு*

பெண்கள் காற்பந்து நேற்று முளைத்தது என்று பலர் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். 1881-ஆம் ஆண்டு மே மாதமே ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில், ஸ்காட்லாந்து, இங்கிலாந்து என்ற பெயர்களில் இரண்டு பெண்கள் குழுக்கள் மோதின. ஸ்காட்லாந்துக் குழு மூன்று கோல் போட்டு வென்றது. சில நாள் கழித்துக் கிளாஸ்கோ வட்டாரத்தில் மறுபடி ஆடியபோது, கூட்டத்தினர் திடலுக்குள் பாய்ந்து ஆட்டத்தைக் கலைத்தார்கள். ஆட வந்த பெண்கள் குதிரை வண்டியில் ஏறித் தப்ப வேண்டியதாயிற்று.

பிறகு முதல் உலகப்போர் வந்தது. ஆண்கள் போர்முனைக்குப் போனார்கள். பெண்கள் ஆலைகளுக்குள் நுழைந்து வெடிகுண்டும் பீரங்கிக் குண்டும் செய்தார்கள். வேலை இடைவேளையில் பந்தும் ஆடினார்கள். இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் டிக் கெர் என்ற ஆலையின் பெண்கள் குழு அப்படி உண்டானதுதான். 1920-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு மறுநாள் லிவர்பூல் நகரில் அந்தக் குழு ஆடிய ஆட்டத்தைப் பார்க்க 53,000 பேர் கூடினார்கள். வசூலான பணம் தர்மக் காரியத்துக்குப் போனது.

இவ்வளவு கூட்டம் வந்தால் பாராட்டு அல்லவா வர வேண்டும்? வந்தது தடை. 1921-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் இங்கிலாந்துக் காற்பந்துச் சங்கம் கூடி, இந்த ஆட்டம் பெண்களுக்கு ஏற்றதல்ல என்று தீர்மானித்தது. தன்னைச் சேர்ந்த குழுக்கள் எதுவும் பெண்களுக்குத் திடல் கொடுக்கக் கூடாது என்று கட்டளை போட்டது. பெண்ணின் உடம்பு தாங்காது என்று சொல்ல வைத்தியர்களும் கிடைத்தார்கள்.

தாய்மார்களே, இந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருகிறது. பீரங்கிக் குண்டு செய்யத் தாங்கிய உடம்பு, பந்து உதைக்கத் தாங்காதாம்! நம் தோட்டங்களிலும் இதே நியாயம்தான். விடியுமுன் எழுந்து, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, மேடு பள்ளம் ஏறி இறங்கி மரம் சீவி, காண்டாவில் இரண்டு வாளி பாலைத் தோளில் சுமந்து ஸ்டோருக்கு நடந்தவர்கள் நம் பாட்டிமார். அப்போது யாரும் "பெண்ணின் உடம்பு தாங்காது" என்று சொல்லவில்லை. பிறருக்கு உழைக்கும்போது தாங்கும் உடம்பு, தனக்காக விளையாடும்போது மட்டும் தாங்காமல் போய்விடுமா?

அந்தத் தடை இங்கிலாந்தில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டு நீடித்தது. ஸ்காட்லாந்துச் சங்கமோ இன்னும் பிடிவாதமாக இருந்தது. 1971-இல் ஐரோப்பியக் காற்பந்துச் சம்மேளனம், பெண்கள் ஆட்டத்தை உறுப்பு நாடுகள் ஏற்று நடத்த வேண்டும் என்று ஓட்டெடுப்பு நடத்தியபோது, எதிர்த்து ஓட்டுப் போட்ட ஒரே நாடு ஸ்காட்லாந்து.

ஆனாலும் அங்கிருந்த பெண்கள் உத்தரவுக்காகக் காத்திருக்கவில்லை. 1972-ஆம் ஆண்டு நவம்பர் 18-ஆம் நாள் கிரீனோக் நகரில் இங்கிலாந்துக் குழுவை எதிர்த்து ஆடினார்கள். மூன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். தோற்றாலும் நாட்டின் பெயரைச் சுமந்து திடலில் இறங்கிவிட்டார்கள் அல்லவா? சங்கம் அவர்களை அங்கீகரித்தது 1974-இல். நாட்டுக்காக ஆடுகிறவர்களுக்கு அங்கே மரியாதையாக ஒரு தொப்பி கொடுப்பது வழக்கம். 1972-இல் ஆடிய அந்தப் பெண்களுக்கு அந்தத் தொப்பி வந்து சேர்ந்தது எப்போது தெரியுமா? 2019-இல். நாற்பத்தேழு ஆண்டு கழித்து! பாட்டிமார் வயதில் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த 1972 குழுவில் ஆடிய ரோஸ் ரெய்லி என்ற பெண்ணின் கதை தனிக் கதை. சின்ன வயதில் ஆட வேண்டும் என்பதற்காக முடியைக் கத்தரித்துக்கொண்டு, ஆண் பிள்ளைகளோடு ஆண் பெயரில் ஆடியவர். சொந்த நாட்டில் இடமில்லை என்றதும் பிரான்சுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும் போய்ச் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரராகவே வாழ்ந்தார். இத்தாலி நாட்டுக் குழுவிலும் ஆடினார். 2007-இல்தான் ஸ்காட்லாந்து தன் காற்பந்துப் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தது. பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களின் மனவேதனை நமக்குத் தெரியாததா?

ஜூலி திடலில் இறங்கிய நேரத்தில் கதவு திறந்திருந்தது என்றால், அதை வருஷக்கணக்கில் தட்டிக்கொண்டே நின்ற கைகள் இவை.

*கதவு திறந்தது, சம்பளம் வரவில்லை*

கதவு திறந்துவிட்டதால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆடலாம், ஆனால் அந்த ஆட்டத்தை நம்பி அடுப்பு மூட்ட முடியாது. ஆண்கள் பந்து உதைத்து மாளிகை கட்டிக்கொண்டிருந்த காலத்தில், பெண்கள் வேறு வேலை செய்துகொண்டே ஆட வேண்டியிருந்தது.

நடுவில் ஒரு நல்ல காலம் தலைகாட்டியது. 2001-இல் அமெரிக்காவில், ஆட்டக்காரப் பெண்கள் எல்லாருக்கும் சம்பளம் கொடுக்கும் ஒரு லீக் போட்டி தொடங்கியது. உலகத்திலேயே அப்படிப்பட்டது அதுதான் முதல். சான் டியேகோ நகரத்துக் குழுவில் ஜூலி சேர்ந்தார். 2002, 2003 என்று இரண்டு பருவம் அங்கே கொடிகட்டிப் பறந்தார். ஆனால் 2003 செப்டம்பரில், பெண்கள் உலகக் கிண்ணப் போட்டி தொடங்கச் சில நாட்களே இருந்தபோது, பணமில்லை என்று அந்த லீக்கையே இழுத்து மூடிவிட்டார்கள். உலகத்தின் சிறந்த ஆட்டக்காரப் பெண்கள் ஒரே நாளில் வேலை இல்லாதவர்கள் ஆனார்கள்.

தோட்டம் விற்றுப் போய், ஒரு கடிதத்தோடு லயத்தைக் காலி செய்த குடும்பங்களுக்கு இந்த நிலைமையை விளக்க வேண்டியதில்லை. ஒரே ஒரு கிளையைப் பிடித்துத் தொங்கினால், கிளை முறியும்போது நாமும் விழுவோம். கையில் இன்னொரு தொழில் இருந்தால் தரையில் கால் ஊன்றலாம்.

ஜூலிக்கு அந்த இன்னொரு தொழில் ஆசிரியப்பணி. ஸ்காட்லாந்தில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே, 2004-ஆம் ஆண்டு முதல் லண்டன் நகரத்து ஆர்சனல் மகளிர் குழுவுக்கு ஆடினார். இரண்டு இடத்துக்கும் தூரம் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? கிளாஸ்கோவிலிருந்து லண்டனுக்குச் சாலை வழியே சுமார் 650 கிலோமீட்டர். ஜொகூர் பாருவிலிருந்து பினாங்குக்குப் போகிற தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வார நாட்களில் பள்ளிக்கூட வேலை. பயிற்சியும் சொந்த ஊர்ப் பக்கத்திலேயே. வார இறுதியில் விமானம் ஏறி லண்டன் போய் ஆடிவிட்டு, வேலை நாளைக்குள் திரும்பி வந்துவிடுவார்.

அவருடைய உழைப்புக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டு மே 2-ஆம் நாள் ஸ்காட்லாந்துக் குழுவுக்காக ஜெர்மனியை எதிர்த்து ஆடினார். அன்றைக்கு ஜெர்மனி உலகக் கிண்ணத்தை வென்றிருந்த குழு. அப்படிப்பட்டவர்களோடு ஆடினால் மறுநாள் கால் தூக்க முடியுமா? ஜூலி மறுநாளே லண்டனில் இருந்தார். மே 3-ஆம் நாள் இங்கிலாந்துக் கிண்ணத்தின் இறுதியாட்டம். சார்ல்டன் குழுவை ஆர்சனல் மூன்றுக்குச் சுழியம் என்று வென்றது. மூன்று கோலையும் போட்டவர் நம் டீச்சரம்மாதான்!

2006-2007 பருவத்தில் ஆர்சனல் மகளிர் குழு லீக், இங்கிலாந்துக் கிண்ணம், லீக் கிண்ணம், ஐரோப்பியக் கிண்ணம் என்று நான்கையும் ஒரே பருவத்தில் வாரிக்கொண்டு போனது. ஐரோப்பிய மகளிர் கிண்ணத்தைப் பிரிட்டனின் குழு ஒன்று வென்றது அதுவே முதல் முறை. அந்தக் குழுவின் தாக்குதல் வரிசையில் ஜூலியும் ஒருவர். திருமணமாகித் தாயான பிறகும் திடலுக்குத் திரும்பினார். பிரிட்டிஷ் அரசாங்கம் எம்.பி.இ. விருது கொடுத்துக் கௌரவித்தது.

*பாடம் சொன்ன கால்கள்*

கோல் கணக்கும் கிண்ணக் கணக்கும் ஒரு பக்கம் இருக்கட்டும். ஆட்டக்காரி ஒருத்தி ஆசிரியை ஆவதால் என்ன நன்மை என்பதைக் கொஞ்சம் யோசித்துப் பார்ப்போம்.

முதல் நன்மை அவளுக்கு. ஆட்டக்காரியின் காலம் சின்னது. முப்பது, முப்பத்தைந்து வயதில் முட்டி வலிக்கத் தொடங்கும். அதன் பிறகு வாழ்நாள் நீண்டு கிடக்கிறது. ஆசிரியைக்கு அறுபது வரை வேலை.

இரண்டாவது நன்மை பள்ளிக்கூடத்துக்கு. உடற்கல்வி நேரம் என்றால் ஆண் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு ஓட, பெண் பிள்ளைகள் மர நிழலில் உட்கார்ந்து கதை பேசுவதை நாம் பார்த்திருக்கிறோம். நாட்டுக்காக ஆடிய ஒரு பெண், விசிலோடு திடலில் நின்று "எழுந்து வாம்மா" என்று கூப்பிட்டால், எந்தப் பெண் பிள்ளை மர நிழலில் உட்கார்ந்திருப்பாள்?

மூன்றாவது நன்மை பின்னால் வருகிறவர்களுக்கு. ஸ்காட்லாந்தில் இப்படி ஆட்டத்திலிருந்து பயிற்சிப் பணிக்கு வந்தவர்கள் இன்னும் உண்டு. தேசியக் குழுவில் ஆடிய ஷீலா பெக்பி பிற்காலத்தில், முன்பு பெண்களை ஒதுக்கி வைத்த அதே காற்பந்துச் சங்கத்தில் மகளிர் காற்பந்து வளர்ச்சிக்குப் பொறுப்பாளரானார். இன்னொரு முன்னாள் ஆட்டக்காரி ஷெல்லி கெர், 2014-இல் ஸ்டெர்லிங் பல்கலைக்கழக ஆண்கள் குழுவுக்குத் தலைமைப் பயிற்றுநரானார். பிரிட்டனில் மூத்தோர் ஆண்கள் குழு ஒன்றுக்கு அப்படிப் பொறுப்பேற்ற முதல் பெண் அவர். அவர் பயிற்றுவித்த ஸ்காட்லாந்து மகளிர் குழுதான் 2019-இல் முதல் முறையாக உலகக் கிண்ணப் போட்டிக்குப் போனது. புறப்படுவதற்கு முன் கிளாஸ்கோவில் ஜமைக்காவோடு ஆடிய ஆட்டத்துக்கு 18,555 பேர் வந்தார்கள். ஒரு காலத்தில் கூட்டம் திடலுக்குள் பாய்ந்து பெண்களை விரட்டியடித்த அதே கிளாஸ்கோவில்தான் இத்தனை பேர் நின்று கைதட்டினார்கள்!

*நம் பக்கம் என்ன நிலைமை?*

"அது வெள்ளைக்காரர் ஊர். நமக்கு ஒத்துவருமா?" என்று சிலர் கேட்கக்கூடும். ஒத்துவந்திருக்கிறது, தாய்மார்களே.

1975-இல் ஹாங்காங்கில் நடந்த முதல் ஆசிய மகளிர் காற்பந்துப் போட்டியில் நம் மலேசியப் பெண்கள் கலந்துகொண்டு நான்காவது இடம் பெற்றார்கள். 1995-இல் சியாங் மாய் நகரில் நடந்த சீ விளையாட்டுப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றார்கள். இதையெல்லாம் நம் பெண் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

அதே 1995-இல் ஆசிய மகளிர் போட்டி நம் நாட்டில், சபாவின் கோத்தா கினபாலுவில் நடந்தது. இந்தியக் குழுவில் மணிப்பூரிலிருந்து பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி வந்திருந்தாள். முதன்முதலாக நாட்டுக்காக அவள் ஆடியது நம் மண்ணில்தான். அவர்தான் பெம்பெம் தேவி. மணிப்பூர் போலீசில் வேலை பார்த்துக்கொண்டே இருபது ஆண்டுக்கு மேல் ஆடி, பிறகு பயிற்றுநராகி இளம் பெண்களை வளர்த்தார். 2017-இல் அர்ஜுனா விருதும் 2020-இல் பத்மஸ்ரீ விருதும் அவரைத் தேடி வந்தன.

தமிழ்நாட்டுக் கடலூரிலிருந்து வந்த இந்துமதி கதிரேசனும் அப்படித்தான். இந்தியக் குழுவுக்கு ஆடியவர். தமிழ்நாடு போலீசில் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா முடக்க காலத்தில் சீருடையும் முகக்கவசமும் அணிந்து சென்னைச் சாலையில் அவர் கடமையாற்றியதைப் பத்திரிகைகள் படத்தோடு பாராட்டின. ஒரு கையில் வேலை, மறு கையில் விளையாட்டு என்பது ஸ்காட்லாந்துக்கு மட்டும் சொந்தமில்லை, பார்த்தீர்களா?

விளையாட்டிலிருந்து கல்விக்கு வந்தவர் நம் நாட்டிலேயே உண்டு. 1970-ஆம் ஆண்டுகளில் தடை ஓட்டத்தில் புகழ்பெற்ற மெரினா சின், பிற்காலத்தில் புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளியின் முதல்வராக இருந்து நாட்டின் இளம் விளையாட்டாளர்களை உருவாக்கினார். காற்பந்து வேறு, தடை ஓட்டம் வேறு என்றாலும் போன வழி ஒன்றுதான்.

*இனி உங்களிடம் சில வார்த்தைகள்*

நம் வீடுகளில் பெண் பிள்ளைகள் எப்போது விளையாட்டை விடுகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? தமிழ்ப்பள்ளியில் படிக்கும்வரை ஓட்டப்பந்தயத்தில் முதலாவது வருவாள். பரிசளிப்பு விழாவில் நாமே முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டுவோம். இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், வயதுக்கு வந்ததும், எல்லாம் நின்றுவிடும். "இனிமேல் என்ன ஓட்டமும் ஆட்டமும்" என்று ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையோடு காலணி மூலைக்குப் போய்விடும். 1921-இல் ஒரு சங்கம் கூடிப் போட்ட தடையை, நாம் அடுப்படியில் நின்றுகொண்டு ஒரு நிமிஷத்தில் போட்டுவிடுகிறோம்.

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. மாலையில் பயிற்சி முடிந்து இருட்டில் வர வேண்டும். பஸ் வசதி கிடையாது. அரைக்கால் சட்டை போட்டால் நாலு பேர் பேசுவார்கள். காலணி விலை என்ன கொஞ்சமா? இவை எல்லாம் உண்மையான கஷ்டங்கள். ஆனால் தீர்க்க முடியாதவை அல்ல. ஒரே தாமானில், ஒரே தோட்டத்தில் இரண்டு மூன்று பெண் பிள்ளைகளைச் சேர்த்து அனுப்புங்கள். பெற்றோர் முறை வைத்து அழைத்து வரலாம். முழுக்கால் சட்டையும் முழுக்கைச் சட்டையும் போட்டு ஆடுகிற பெண்கள் ஏராளம். இதைப் பள்ளி ஆசிரியரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். காலணியை மூத்தவள் போட்டு இளையவளுக்குக் கொடுக்கலாம். பயிற்சி கொடுப்பவர் யார், கூட யார் இருக்கிறார்கள் என்று நேரில் போய் விசாரியுங்கள். விசாரிப்பது தாயின் உரிமை. விசாரித்து அனுப்புவது, விசாரிக்காமல் மறுப்பதைவிட மேல்.

படிப்புக் கெட்டுவிடும் என்ற கவலைக்கும் வருகிறேன். நேரத்தைப் பிரிக்கத் தெரியாதவளுக்குத்தான் விளையாட்டு படிப்பைக் கெடுக்கும். வீட்டில் ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக்குப் போகிற நாளில் பாடம் முடிந்த பிறகே கைப்பேசி. பரீட்சை நெருங்கினால் பயிற்சியைக் குறைக்கலாம். அடியோடு நிறுத்த வேண்டாம். நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் இடம் கொடுக்கும்போது தேர்ச்சி மட்டும் பார்ப்பதில்லை. புறப்பாட நடவடிக்கைக்கும் பத்து விழுக்காடு புள்ளி உண்டு. மகள் மாவட்டத்துக்கு, மாநிலத்துக்கு ஆடிய சான்றிதழ் ஒவ்வொன்றையும் பத்திரமாக எடுத்து வையுங்கள். நகைப் பெட்டியில் வைத்தாலும் தகும்.

விளையாட்டில் உண்மையிலேயே திறமை உள்ள பிள்ளை என்றால், நம் ஜொகூரிலேயே கோத்தா திங்கி மாவட்டத்துப் பண்டார் பெனாவாரில் துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி இருக்கிறது. கல்வி அமைச்சின் பள்ளி. தேர்வு வைத்துப் பிள்ளைகளை எடுக்கிறார்கள், தங்கிப் படிக்கலாம். பள்ளி ஆசிரியரைக் கேட்டால் விவரம் சொல்வார்.

ஆசிரியை ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைக்கும் வழி தூரத்தில் இல்லை. ஜொகூர் பாருவில் துமெங்கோங் இப்ராஹிம் பெயரிலும், பத்து பகாட்டில் துன் ஹுசேன் ஓன் பெயரிலும் ஆசிரியர் கல்விக் கழகங்கள் இருக்கின்றன. எஸ்.பி.எம். தேர்வு முடித்தவுடனேயே இத்தகைய கழகங்களுக்கு மனுப் போடலாம். ஆசிரியர் பயிற்சியில் உடற்கல்வியும் ஒரு பாடப்பிரிவு. மகளுக்கு அந்த ஆசை இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நம் பள்ளிகளில் உடற்கல்வி சொல்லிக் கொடுக்கும் தமிழ்ப் பெண்கள் இன்னும் பலர் வேண்டும்.

தங்கைமார்களே, உங்களுக்கும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். பந்து மேல் ஆசை இருந்தால் ஒளிக்காதீர்கள். ஆனால் ஆசையை மட்டும் நம்பிப் புத்தகத்தைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். 116 கோல் போட்டவருக்கே ஒரு வேலை வேண்டியிருந்தது. அந்த வேலைதான் அவரை வாரா வாரம் விமானத்தில் ஏற்றித் திடலுக்கு அனுப்பியது. இரண்டு காலில் எந்தக் காலை வெட்டிக்கொள்வது என்று யாராவது கேட்பார்களா? படிப்பும் ஆட்டமும் அப்படித்தான். இரண்டும் இருந்தால்தான் ஓட முடியும்.

தாய்மார்களே, இன்று மாலை உங்கள் மகள் திடலுக்குப் போகட்டுமா என்று கேட்டால், "பாடம் முடித்தாயா?" என்று கேளுங்கள். முடித்துவிட்டேன் என்றால், தண்ணீர்ப் புட்டியை நிரப்பிக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.